இரண்டாம் தரம்

"ஹுஸ்ம கன்ன" என்றாள் சிங்களத்தில்.
இழுத்தேன்.
"அல்லாகன இன்ன."
பிடித்தேன்.
வலது விலாவுக்குக் கீழே குளிர்ந்த பசை.
அதன்மேல் அவளுடைய கருவி
சட்டைப்பைக்குள் சில்லறை தேடும் விரல்போல
அழுத்தி அழுத்தி நகர்ந்தது.
விடச் சொல்ல மறந்துவிட்டாளோ
என்று நினைக்கும்வரை
பிடித்துக்கொண்டே கிடந்தேன்.

ஈரலில் கொழுப்பு. இரண்டாம் தரம்.

பதினெட்டு வருடமாக
கெய்சர் தெருக் கடையில்
துணிப்பொதிகளின்மேல் நான் எழுதிவரும் சொல் அது.
சாயம் திட்டாய்ப் பிடித்தால்,
கரை இழுபட்டால்,
இரண்டாம் தரம்.
விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாம்.
இதை எந்த யாவாரி வாங்குவான்?

வீட்டில் சாந்தரூபி
றிப்போட்டை மின்குமிழுக்கு நேரே பிடித்தாள்.
பிறகு கழுவப் போடுகிறவள் மாதிரி
என் சேட்டை எடுத்து
மோந்து பார்த்தாள்.
"உண்மையைச் சொல்லுங்கோ."

நான் குடிப்பது தேத்தண்ணி, ரூபி.
நாளுக்கு ஏழு,
கப்புக்கு மூன்று கரண்டி சீனி.
பத்து மணிக்கு ஒரு றோல்ஸ்,
நாலு மணிக்கு இன்னொன்று,
கணக்கு முடியாத இரவுகளில்
முதலாளி எடுப்பிக்கும் சீஸ் கொத்து.
பொதி தூக்குபவர்கள் வேறு ஆட்கள்.
நான் எழுதுபவன்.
என் கதிரையில்
என் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது.

"இதுக்கு வலிக்கத் தெரியாது" என்றார் டொக்டர்.
துண்டின் பின்பக்கம் ஒரு கோடு கீறினார்.
இந்தப் பக்கம் நின்றால் திரும்பலாம்.
அந்தப் பக்கம் தழும்பு,
தழும்பின்மேல் தழும்பு,
பிறகு நீர்.
பேனை முனை என் பக்கத்தில்
ஒரு புள்ளி வைத்தது,
கோட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி.

பயந்தால் ஈரக்குலை நடுங்கியது என்கிறோம்.
என்னுடையது நடுங்கவேயில்லை.
நூறாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு யோசித்தேன்:
கல்லீரல் என்று பேர் வைத்தவன்
கல்லையும் ஈரத்தையும்
ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறான்.

ரூபியின் தமக்கை
பச்சைத் தூள் ஒன்று கொடுத்தனுப்பினா,
ஈரலைக் கழுவுமாம்.
டொக்டரிடம் காட்டினோம்.
"கழுவுகிறவனுக்கே சவர்க்காரமோ?
கொண்டுபோய்க் கொட்டுங்கோ."
போத்தல் மட்டும் இருக்கிறது,
மிளகு போட.

இப்போது பம்பலப்பிட்டியிலேயே இறங்கிவிடுகிறேன்.
கடலோர வீதியால் வெள்ளவத்தைவரை நடை.
முதல் கிழமை முழங்கால் ஏசியது.
ரயில் போனால் உப்பு முகத்தில் அடிக்கும்.
வெள்ளிக்கிழமைகளில்
நடைபாதையில் தராசு வைத்திருப்பவரிடம்
சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறுகிறேன்.
எண்பத்தேழு.
எண்பத்தைந்தரை.
தீபாவளிக்குப் பிறகு எண்பத்தாறு.
அவர் ஒன்றும் கேட்பதில்லை,
காசை மட்டும் வாங்கிக்கொள்வார்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

சுபைர் நானா,
எங்கள் கிடங்கில் பொதி கட்டியவர்.
கண் மஞ்சளித்து, வயிறு ஊதி,
பெரியாஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார்.
ஐந்து வேளையும் தொழுத மனிதர்.
மையவாடி வாசலில் யாரோ என் காதுக்குள்
"மறைவா அடிச்சிருப்பார்" என்றான்.
நான் தலையாட்டினேன்.
நினைவிருக்கிறது, நன்றாகவே ஆட்டினேன்.

இரத்தத்தில் பழைய கிருமியாம்.
எப்போது ஏறியதென்று அவருக்கே தெரியாதாம்.
பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டுச் சோதித்து
ஊசி போட்டுவிட்டார்களாம்.
இதையெல்லாம் சொன்னவன் அவருடைய இளையவன், றிஸ்மி.
இப்போது அதே கிடங்கில்
அதே கொக்கியோடு நிற்கிறான்.

நேற்று அவனிடம் ஒன்று சொல்லப் போனேன்.
வாய்க்கு வந்தது
"பிளேன்டீ குடிப்பமா?"
சீனி வேண்டாம் என்றேன் பெடியனிடம்.
றிஸ்மி சிரித்தான்.
"வாப்பாவும் கடைசியில
இப்பிடித்தான் குடிச்சார்."

ஆவிக்கு மேலால்
அவன் கண்ணை உற்றுப் பார்த்தேன்.
வெள்ளையாகத்தான் இருந்தது.